பொருந்தும் பாதி: சீனக் காப்புத்தாளின் வரலாறு

சீனத்திலும், அதன் பண்பாடு பரவிய கொரியா, ஜப்பான், வியட்நாம் ஆகிய நாடுகளிலும் வீட்டு வாயிலில் ஒட்டியும், ஆடைக்குள் மடித்து வைத்தும், எரித்த சாம்பலை நீரில் கலந்து பருகியும் மக்கள் பயன்படுத்திவந்த எழுத்து ஒன்று உண்டு. மஞ்சள் நிறம் ஏற்றிய நீண்ட தாளில் செந்நிற மையால் மேலிருந்து கீழாக எழுதப்பெறும் அதனைப் பெற்றுக்கொள்பவர் படிப்பதில்லை. படிக்க முயன்றாலும் இயலாது. சீன மொழியில் அதன் பெயர் 'ஃபூ'. தாயத்து என்றால் உடலில் கட்டிக்கொள்வதே தமிழர் நினைவில் எழும் ஆதலின், இங்கே காப்புத்தாள் என்னும் சொல் ஆளப்பெறுகின்றது. கோணல்மாணலான கையெழுத்தைக் கண்டால் 'பேய் வரைந்த ஃபூ' என்று சீனர் கேலி செய்வது வழக்கம். ஆனால் அந்தக் கோணல் எழுத்தின் பிறப்பிடம் பேயுலகம் அன்று; அரசு அலுவலகமே ஆகும்.

'ஃபூ' என்னும் சொல்லைக் குறிக்கும் சீன எழுத்தின் தலையில் மூங்கிலைக் குறிக்கும் உறுப்பு இருக்கின்றது. கி.பி. 100-ஐ ஒட்டித் தம் சொல்விளக்க நூலை இயற்றிய சூ ஷென், அச்சொல்லுக்கு 'நம்பகம்' என்றே பொருள் தருகின்றார். ஹான் அரசின் முறைப்படி ஆறு சீன அங்குல நீளமுள்ள மூங்கிலை இரண்டாகப் பிளந்து, தேவைப்படும்போது பொருத்திப் பார்ப்பர் என்பது அவர் தரும் விளக்கம். ஒரு பாதி அனுப்பியவரிடமும் மறு பாதி பெறுபவரிடமும் இருக்கும். இரண்டும் பொருந்தினால் வந்த ஆணை மெய். பொருந்தாவிடில் வந்தவன் பொய்யன். ஆக, ஃபூ என்பது தொடக்கத்தில் மந்திரம் அன்று, சான்று.

படைகளை நகர்த்துவதற்கு வெண்கலத்தால் புலி வடிவில் செய்த ஃபூ பயன்பட்டது. சியான் நகருக்கு அருகில் கண்டெடுக்கப்பெற்ற சின் நாட்டுப் புலி ஒன்றில் அதற்குரிய விதியே பொறிக்கப்பட்டுள்ளது. ஐம்பதுக்கு மேற்பட்ட வீரர்களைத் திரட்ட வேண்டுமாயின் மன்னனிடம் உள்ள பாதியோடு பொருத்தல் வேண்டும். எல்லையில் எச்சரிக்கைத் தீ எழுந்தால் மட்டும் காத்திருக்க வேண்டுவதில்லை. சின் பேரரசர் காலத்துப் புலி மற்றொன்று பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. வலப்பாதி பேரரசரிடமும் இடப்பாதி யாங்லிங் என்னும் ஊரிலும் இருக்க வேண்டும் என்று அதில் பொன்னெழுத்தில் பதித்திருக்கிறார்கள். ஈராயிரம் ஆண்டுத் துரு ஏறி அவ்விரு பாதிகளும் ஒட்டிப்போய்விட்டன. இனிப் பிரிக்க வழியில்லை.

இப்புலியின் பெயரால் நிகழ்ந்த திருட்டு ஒன்றைச் சீமா சியேன் தம் வரலாற்று நூலில் விரிவாகவே கூறுகின்றார். கி.மு. 257-இல் சின் படைகள் ஜாவ் நாட்டின் தலைநகரை முற்றுகையிட்டிருந்தன. உதவிக்கு அனுப்பிய படையை வெய் மன்னன் அச்சத்தால் நடுவழியில் நிறுத்திவைத்தான். மன்னனின் தம்பியாகிய சின்லிங் பெருமகன், மன்னனின் காதற்கிழத்தி ரூ ஜியின் துணையால் பள்ளியறையிலிருந்து புலிப்பாதியைக் கவர்ந்துகொண்டு எல்லைக்கு விரைந்தான். தளபதி ஜின் பி இரு பாதிகளையும் பொருத்திப் பார்த்தான், பொருந்தின. ஆயினும் ஐயுற்றான். இத்தனை பெரிய படையைப் பெற்றுக்கொள்ள ஒற்றைத் தேரில் வந்து நிற்பதா என்று அவன் தயங்கிய நொடியில், பெருமகனுடன் வந்த ஜூ ஹாய் ஆடைக்குள் மறைத்திருந்த இரும்புச் சம்மட்டியால் அவனை அடித்து வீழ்த்தினான். பொருந்திய பாதி பொய்யுரைக்கவும் கூடும் என்பதை உணர்ந்தவன் அந்தத் தளபதி ஒருவனே. உயிர் போனதும் அவனுக்கே. பிற்காலத்துக் காப்புத்தாளின் வரலாறு நெடுகிலும் இந்த ஐயம் நிழலாகத் தொடர்கின்றது.

புலி நெடுங்காலம் நிலைக்கவில்லை. தாங் பேரரசை நிறுவிய மன்னரின் பாட்டனார் பெயரில் புலி என்னும் சொல் இருந்தமையால், முன்னோர் பெயரை வழங்கலாகாது என்ற விலக்குப்படி அப்பேரரசில் புலிக்கு மாற்றாக மீன் வந்தது. பேரரசி வூ காலத்தில் ஆமை வந்தது. இவை அரசியல் கதைகள். காப்புத்தாளை நோக்கிச் செல்லும் பாதை ஹான் காலத்துக் கல்லறைகளின் வழியே போகின்றது.

ஹான் அரசு எழுத்தால் இயங்கிய அரசு. வடமேற்குப் பாலைநிலத்தின் காவல் அரண்களில் இருபதாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கில் கிடைத்த மரச்சட்ட ஆவணங்கள் அதற்குச் சான்று. மேலதிகாரி கீழதிகாரிக்கு அனுப்பிய ஆணைகள் பலவும் 'சட்டப்படியும் விதிப்படியும் ஆகுக' என்று பொருள்படும் ஒரே வாய்பாட்டில் முடிகின்றன. இறந்தோர் உலகையும் இதே போன்ற அரசாகவே அக்கால மக்கள் கண்டனர். அங்கும் பதிவேடு உண்டு, ஊர்த்தலைவன் உண்டு, வரி உண்டு. கி.பி. 173-ஆம் ஆண்டுக் கல்லறைக் கலயம் ஒன்றில், இறந்தவருக்கு வரும் ஊழியத்தை அவருக்காகச் செய்ய ஈயத்தால் ஆன மனித உருவங்களும், நிலத்தடி வரி கட்ட மஞ்சள் அவரை விதையும் பூசணி இன விதையும் உடன் வைக்கப்பெற்றன என்று எழுதியிருக்கின்றது. இறந்த பின்னும் வரித்தண்டலரை நினைத்து அஞ்சிய உழவர்களை அந்த ஒரு வரி நம் கண்முன் நிறுத்திவிடுகின்றது.

இத்தகைய கலயங்களில்தான் காப்பெழுத்து முதன்முதலாகத் தோன்றுகின்றது. சியான் நகரை அடுத்த ஹூ வட்டத்தில் கிடைத்த, கி.பி. 133 எனக் காலம் குறித்த கலயம் இவ்வகையில் மிகப் பழையது எனலாம். வானரசரின் தூதர், சாவ் என்னும் குடும்பத்தின் தீங்குகளை ஆயிரம் காதத்துக்கு அப்பால் அகற்றுவதாக அதில் செந்நிறத்தில் எழுதப்பட்டிருக்கின்றது. அதன் அருகே, எழுத்துகளைக் கோத்தும் பிணைத்தும் வரைந்த இரு ஃபூக்கள் உள்ளன. இக்கலயங்கள் பலவும் முடிவது அதே அலுவலக வாய்பாட்டில்தான். பின்னர் அதற்கு முன் 'விரைந்து, விரைந்து' என்னும் அடுக்கும் சேர்ந்தது. 'விரைந்து, விரைந்து, சட்டப்படி ஆகுக' என்று இன்றளவும் பூசாரிகள் ஓதும் மந்திரத்தின் ஈற்றடி, ஓர் எழுத்தர் ஆவணத்தை முடிக்கையில் எழுதிய வழக்கமான வரியேயன்றி வேறில்லை.

கி.பி. 142-இல் சிச்சுவான் மலையொன்றில் ஜாங் தாவ்லிங் என்பார்க்கு லாவோ சியின் தெய்வ வடிவம் காட்சி தந்ததாகத் தாவோ சமயத்தின் வானாசிரியர் மரபு கூறும். ஐந்து படி அரிசி காணிக்கை பெற்ற அந்த இயக்கத்தில் நோயாளி தன் பிழைகளை ஒப்புக்கொள்ள வேண்டும். அவற்றை மூன்று படிகளாக எழுதி ஒன்றை மலைமேலும், ஒன்றை மண்ணுக்குள்ளும், ஒன்றை நீருக்குள்ளும் இடுவர். விண்ணும் மண்ணும் நீருமாகிய மூன்று அலுவலகங்களுக்கும் மனு அனுப்பியாயிற்று என்பது கருத்து. ஏறத்தாழ அதே காலத்தில் கிழக்கே மஞ்சள் தலைப்பாகைக் கிளர்ச்சியை 184-இல் தொடங்கிய ஜாங் ஜுவே, ஃபூ கலந்த நீரைக் கொடுத்தே மக்களைத் திரட்டினான். குடித்தவர் பிழைத்தால் அவருக்கு நம்பிக்கை இருந்தது என்றும், பிழைக்காவிடில் நம்பிக்கை இல்லை என்றும் கூறப்பட்டதாகப் பழைய வரலாற்றுக் குறிப்பு ஒன்று சற்றுக் கசப்போடு பதிந்துள்ளது. தோல்விக்குக் காரணம் குடித்தவனே, எழுதியவன் ஆகான். இந்த ஏற்பாட்டின் வசதியைச் சொல்ல வேண்டுவதில்லை.

கவிஞர்கள் சிறிது நின்று நோக்கத்தக்கவர் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த கெ ஹோங். கி.பி. 317-ஐ ஒட்டி அவர் நிறைவு செய்த 'பாவ்பூசி' என்னும் நூலில், மலைகளில் புகுவோர் உடன்கொள்ள வேண்டிய காப்பெழுத்துகள் பல இடம்பெற்றுள்ளன. நான்கு அங்குல அகலத்தில் 120 எழுத்துகள் பொறித்த முத்திரையைக் களிமண்ணில் அழுத்தி, தங்கும் இடத்தைச் சுற்றி நூறு தப்படி தொலைவில் நான்கு திசையிலும் வைத்தால் புலியும் ஓநாயும் உள்ளே வாரா என்கின்றார். அச்சுக்கலையின் தொடக்கத்தைத் தேடுவோர் இக்குறிப்பை விரும்பி எடுத்துக்காட்டுவர். எனினும் அந்நூலில் வேறோர் இடத்தில் கெ ஹோங் சொல்லும் செய்தியே பெரிது. ஃபூக்கள் முற்காலத்தில் பயன் தந்தன, இப்போது ஏன் தருவதில்லை என்ற வினாவுக்கு அவர் விடை, படியெடுத்தோரின் பிழை என்பதாகும். ஒரு நூலை மூன்று முறை படியெடுத்தால் 'மீன்' என்னும் எழுத்து ஓர் ஊர்ப்பெயராகிவிடும், 'வெறுமை' புலியாகிவிடும் என்ற பழமொழியை அவர் நினைவூட்டுகின்றார். பிற நூல்களில் நேரும் பிழையைப் பொருள் நோக்கித் திருத்தலாம். ஃபூவைத் திருத்துவது எவ்வாறு? அதைப் படிக்கத் தெரிந்தவர் வூ நாட்டில் ஜியே சியாங் என ஒருவர் இருந்தார். ஒரு தாளைக் கண்டதும் அது சரியா பிழையா என்று சொல்வார். அவர் மறைந்தபின் அவ்வாறு படிக்க வல்லார் இலர். எனவே மக்கள் கையில் இருப்பவை பிழையானவை. பிழை எங்கே என்று அறியவும் முடியாதவை.

ஒரு மொழியை அறிந்த கடைசி மனிதர் போய்விட்டார். எழுத்து மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கின்றது. தம் சமயத்தின் கருவியைப் பற்றி அதன் ஆதரவாளர் ஒருவரே இத்தனை வெளிப்படையாக எழுதியது வியப்பைத் தருவது. மூலப்படியைத் தேடும் வேட்கை இதிலிருந்து பிறந்தது. 364-ஐ அடுத்த ஆண்டுகளில் மாவ் மலைப் பகுதியில் யாங் சி என்பார் தெய்வங்கள் உரைத்ததாக எழுதிய ஏடுகள் சிதறியும் திருடப்பட்டும் போலிகளோடு கலந்தும் போயின. நூறாண்டுக்குப் பின் டாவ் ஹோங்ஜிங் (456–536) அவற்றைத் தேடித் திரட்டியபோது, மெய்யேட்டைப் பிரித்தறிய அவர் கொண்ட உரைகல் கையெழுத்து. இன்ன கோட்டை இன்னார் இப்படித்தான் இழுப்பார் என்று கண்டு சொல்லும் கண் அவருக்கு இருந்தது. காப்புத்தாளும் எழுத்தோவியக் கலையும் ஒரே வீட்டில் வளர்ந்தவை என்பதை வரலாற்றறிஞர் சென் யின்கே 1933-இல் எழுதிய கட்டுரை எடுத்துரைத்தது. அக்கால உயர்குடிகளில் கையெழுத்துக்குப் பெயர்பெற்ற குடும்பங்கள் சில வானாசிரியர் மரபைச் சார்ந்தவையாகவே இருந்தன.

அவற்றுள் தலையாயது வாங் குடும்பம். சீன எழுத்தோவியத்தின் பேராசான் எனப் போற்றப்பெறும் வாங் சிஜி, ஒரு தாவோ துறவியிடம் இருந்த வாத்துகளின் மேல் ஆசை கொண்டு, சமய நூல் ஒன்றைப் படியெடுத்துக் கொடுத்து அவற்றைப் பெற்றுச் சென்றார் என்ற கதை பலர் அறிந்தது. அவர் மகன் வாங் நிங்ஜியின் கதையில் வாத்து இல்லை. குவாய்ஜி வட்டத்தின் ஆட்சியாளனாக அவன் இருந்த 399-இல், சுன் என் என்பவன் கடல் வழியே கிளர்ச்சிப் படையோடு வந்தான். அலுவலர்கள் அரணைக் காக்க வேண்டினர். நிங்ஜியோ வழிபாட்டறைக்குள் சென்று வேண்டிவிட்டு வெளியே வந்து, பெருந்தாவோவிடம் பேய்ப்படைகளைக் கேட்டுப் பெற்றாயிற்று, ஒவ்வொரு துறையிலும் பல்லாயிரம் பேர் நிற்கின்றனர், அஞ்ச வேண்டா என்றான். நகர் வீழ்ந்தது. அவனும் அவன் மக்களும் கொல்லப்பட்டனர். கொன்ற சுன் என் குடும்பமும் அதே வானாசிரியர் மரபினது என்பதை மறத்தலாகாது. ஒரே அலுவலகத்துக்கு இரு தரப்பும் மனு அனுப்பியிருந்தன.

நிங்ஜியின் மனைவி சியே தாவ்யுன் கவிஞர். சிறுமியாக இருந்தபோது, பொழியும் பனி எதனைப் போன்றது என்று சிற்றப்பா முறையினரான சியே ஆன் கேட்க, வானில் உப்பைத் தூவியது போல என்று உறவுச் சிறுவன் ஒருவன் சொன்னான். காற்றில் எழும் அலரிமரப் பஞ்சு போல என்று இவர் சொன்னார். அந்த உவமை இன்றும் சீனத்தில் பெண் கவிஞர்களுக்கு அடைமொழியாக வழங்குகின்றது. கணவன் இறந்த செய்தி கேட்டதும் அவர் வேண்டுதலை நம்பி அமர்ந்துவிடவில்லை; பணிப்பெண்களோடு வாளேந்தி வெளியே வந்து சிலரை வீழ்த்திய பின்பே பிடிபட்டார். உடனிருந்த மகள்வழிப் பேரக் குழந்தையைக் கொல்ல முற்பட்டபோது, பகை வாங் குடும்பத்தோடுதானே, பிற குலத்துப் பிள்ளைக்கு என்ன பங்கு, கொல்வதானால் முதலில் என்னைக் கொல் என்று நின்றார். சுன் என் இருவரையும் விட்டுவிட்டான். அன்று ஏதேனும் ஒரு சொல் ஓர் உயிரைக் காத்தது என்றால் அது தாளில் எழுதிய சொல் அன்று.

ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, 1900-இல், வடசீனத்தில் குத்துச்சண்டையாளர் எனப்பட்ட கிளர்ச்சியாளர்கள் காப்பெழுத்தை விழுங்கியும் அணிந்தும் அந்நியரின் துப்பாக்கிகளுக்கு முன் சென்றனர். குண்டு துளைக்காது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவர்களுள் பெரும்பாலோர் வறட்சியால் நிலம் காய்ந்துபோன ஏழை உழவர் வீட்டு இளைஞர்கள்.

இத்தனை துயரங்களுக்கும் இடையில் அத்தாளை எழுதியவர்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பதும் நேர்மையாகாது. எழுதுவதற்கு நாள் குறிக்க வேண்டும். நோன்பிருந்து நீராட வேண்டும். தாள், ஹுவாங்போ என்னும் மரத்தின் பட்டைச்சாற்றில் தோய்ந்து மஞ்சள் நிறம் பெற்றது. அச்சாற்றின் தன்மையால் பூச்சி அரிக்காது. 868-இல் அச்சிட்ட வஜ்ர சூத்திரத் தாளுக்கும் இதே சாயம்தான். மை, சாதிலிங்கத்தை அரைத்துச் செய்தது. பாதரசமும் கந்தகமும் சேர்ந்த அச்செம்மையையே பிற்காலத்து மஞ்சூப் பேரரசர்கள் விண்ணப்பங்களின் மேல் தம் கட்டளையை எழுதப் பயன்படுத்தினர். அதைத் தீயிலிட்டால் பாதரசம் ஆவியாகும். குடித்தவர் உடலுக்கு அது என்ன செய்திருக்கும் என்பதைச் சித்த மருத்துவம் அறிந்தோர் ஊகிக்கலாம்.

நீர், மை, தூரிகை, தாள் ஒவ்வொன்றையும் விளித்து, நீ இனிச் சாதாரணப் பொருள் அல்லை என்று மந்திரத்தால் அறிவித்த பிறகே எழுதத் தொடங்குவர். உச்சியில் மூன்று சிறு கோடுகள்; அவை மூன்று தூய தெய்வங்கள். அடுத்து 'ஆணை' என்னும் சொல். அதன்கீழ் ஏவப்படும் தெய்வத்தின் பெயர், இடியைக் குறிக்கும் எழுத்து, வடதிசை ஏழு விண்மீன்களைக் கோடுகளால் இணைத்த வடிவம் ஆகியன. நடுவில் ஃபூவின் 'பித்தப்பை' எனப்படும் மறைவிடம்; அங்கே ஓரிரு எழுத்துகளை எழுதி, அதன் மேலேயே திரும்பத் திரும்பச் சுழித்து மூடிவிடுவர். ஒவ்வொரு கோட்டுக்கும் மனத்துக்குள் ஓர் அடி ஓத வேண்டும். கை தயங்கலாகாது, மூச்சு முறியலாகாது. இறுதியில் முத்திரை. பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் ஓங்கிய இடிச்சடங்கு மரபினர் இன்னும் ஒரு படி மேலே சென்று, ஆற்றல் தாளிலும் மையிலும் இல்லை, எழுதுபவனின் உள்ளத்தில் சுடரும் ஒரு புள்ளி ஒளியே ஃபூ என்றனர். முறை அறியாமல் வரைந்தால் பேய்களே சிரிக்கும் என்னும் பழமொழியும் அவர்களிடையே உண்டு.

இவ்வாறு எழுதப்பெற்றவற்றில் நம் காலம்வரை வந்து சேர்ந்தவை மிகக் குறைவு. ஒட்டியது மழையில் கரைந்தது. அணிந்தது வியர்வையில் நைந்தது. எஞ்சியதை நெருப்பு உண்டது. துன்ஹுவாங் குகையில் 1900-இல் வெளிப்பட்ட ஏடுகளிலும், 1445-இல் அச்சாகி முடிந்த 5,305 பிரிவுகள் கொண்ட தாவோ சமயத் திருமுறைத் தொகுப்பிலும் இருப்பவை பார்த்து எழுதுவதற்கான மாதிரிகள். இலக்கியத்தில் அதன் வாழ்வு நீண்டது. புத்தர் மலைக்கடியில் அடைத்த குரங்கரசனை ஐந்நூறு ஆண்டுகள் எழவிடாமல் வைத்திருந்தது, மலையுச்சியில் ஒட்டிய 'ஓம் மணி பத்மே ஹும்' என்னும் ஆறெழுத்துத் தாள் என 'மேற்குப் பயணம்' கூறும். 'நீர்க்கரை' புதினமோ, வானாசிரியர்கள் தாள் மேல் தாளாக ஒட்டி மூடிய கதவை ஓர் ஆணவம் பிடித்த அதிகாரி திறந்துவிடுவதில் தொடங்குகின்றது. ஜப்பானில் ரியோகென் என்னும் பௌத்தத் துறவியின் (912–985) கொம்புள்ள உருவை அச்சிட்ட தாள்களை இன்றும் வாயில்களில் காணலாம்.

காப்பெழுத்தின் மற்றொரு கிளை, படிக்கக்கூடிய எழுத்தாகவே மாறிற்று. தீய ஆவிகளைப் பீச் மரத்தடியில் கட்டிப்போடும் இரு காவல் தெய்வங்களின் பெயரைப் பீச் மரப்பலகைகள் இரண்டில் எழுதிப் புத்தாண்டில் வாயிலின் இருபுறமும் மாட்டுவது பழைய வழக்கம். அப்பலகைகளுக்குப் பெயர் 'பீச் ஃபூ'. சிச்சுவானை ஆண்ட பின்-ஷூ மன்னன் மெங் சாங், 964-ஆம் ஆண்டின் முடிவில் தன் அரண்மனைப் பலகைகளில் தெய்வப் பெயர்களுக்கு மாற்றாகச் செய்யுள் எழுதச் சொன்னான். அவைப்புலவர் எழுதியது பிடிக்காமையால் தானே தூரிகையை எடுத்து, ஐந்து எழுத்துகள் கொண்ட இரண்டு அடிகளை எழுதினான். முதலடி 'எஞ்சிய மங்கலம்' என்று பொருள்படும் இரு எழுத்துகளில் முடிந்தது. இரண்டாமடி 'நெடு வேனில்' என்று பொருள்படும் இரு எழுத்துகளில் முடிந்தது. சில வாரங்களில் சோங் பேரரசின் படை நாட்டைக் கைப்பற்றியது. தலைநகர் செங்டூவுக்கு ஆட்சியாளராக அனுப்பப்பட்டவரின் பெயர் லூ யூசிங். முதலடியின் ஈற்றில் நின்ற மங்கலச் சொல்லும் 'யூசிங்' என்பதே. சோங் பேரரசரின் பிறந்தநாள் விழாவுக்கு வழங்கிய பெயரோ 'நெடு வேனில்'. தன் நாட்டை வெல்ல இருந்தோரின் பெயர்களைத் தன் கையாலேயே மன்னன் வாயிலில் எழுதிவைத்தான் என்று பின்வந்தோர் வியந்து குறித்தனர். மெங் சாங் 965-இல் சிறையாளனாகக் காய்ஃபெங் நகரை அடைந்து, சில நாட்களிலேயே இறந்தான்.

பலகை பிற்காலத்தில் செந்தாளாகிச் சீனம் முழுவதும் பரவியது. புத்தாண்டுக்கு முன்னாள் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிய இரண்டு அடிகளை ஒட்டுவர். அவற்றைத் தெருவில் போவோர் எவரும் நின்று படிக்கலாம். பெயருக்குப் பெயரும் வினைக்கு வினையும் எதிர்நிற்க, ஓரடியின் ஓசை ஏறும் இடத்தில் மற்றதன் ஓசை இறங்க, இரண்டும் பிளந்த மூங்கிலின் இரு பாதிகள்போல் பொருந்த வேண்டும் என்பது இலக்கணம். முதலடி, வாயிலை நோக்கி நிற்பவரின் வலப்புறம் வரவேண்டும். எழுத்தறியாத வீட்டார் இடமும் வலமும் மாற்றி ஒட்டிவிட்டால் அண்டை வீட்டார் வந்து சொல்லித் திருத்துவர்.